வீட்டுக்குள் காணாமற்போகும் பிள்ளைகள்



சேசுபாலன் பன்னிரண்டாம் வயதில் ஜெருசலேம் தேவாலயத்தில் காணப்பட்ட சம்பவத்தை நாம் எல்லோரும் அறிவோம். அர்ச். லூக்காஸ் தமது சுவிசேஷத்தின் 2-ம் அதிகாரத்தில் அதை எழுதி வைத்திருக்கிறார். ஜெபமாலையின் சந்தோஷ தேவ இரகசியங்களில் ஐந்தாவதாக அதை நாம் தியானித்தும் வருகிறோம். ஆனால் அதிலுள்ள ஒரு சிறு விவரத்தை அநேகர் கவனிப்பதில்லை. பாஸ்காத் திருநாள் முடிந்து ஊர் திரும்புகையில், பிள்ளை கூட்டத்தோடுதான் வருகிறது என்று நினைத்து, தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் ஒரு நாள் முழுவதும் வழி நடந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் உறவின்முறையாரிடமும் தெரிந்தவர்களிடமும் தேடினார்கள். பிள்ளையைக் காணவில்லை.

அவர்கள் அசட்டையுள்ள பெற்றோரா? ஒருக்காலும் இல்லை. உலகத்தில் அவர்களைப் போல் பிள்ளையைக் காத்தவர்கள் யார்? ஆயினும், பக்கத்தில்தான் இருக்கிறது என்ற எண்ணத்தினாலேயே ஒரு நாள் பயணத் தூரம் பிரிந்து போனார்கள். அவ்வளவு விழிப்பானவர்களுக்கே இது நேர்ந்ததென்றால், நமக்கு நேராதென்று யார் சொல்லக் கூடும்?

இன்று நம் பங்கில் எந்த வீட்டிலாவது நுழைந்து, “மகன் எங்கே?” என்று கேட்டுப் பாருங்கள். “உள்ளேதான் இருக்கிறான், சுவாமி” என்று தாய் சொல்லுவாள். உண்மைதான், உள்ளே கட்டிலில் படுத்திருக்கிறான். தெருவில் சுற்றவில்லை, கெட்ட சேர்க்கை இல்லை என்று தாய்க்கு ஒரு நிம்மதி. ஆனால் அவன் கையில் செல்போன் இருக்கிறது. காதில் கருவி மாட்டியிருக்கிறது. மூன்று முறை கூப்பிட்டால் ஒரு முறை “ம்” என்கிறான். தகப்பன் வேலை முடிந்து வந்தது அவனுக்குத் தெரியாது. தங்கை அழுதது தெரியாது. பாட்டி இரண்டு நாளாக இருமிக்கொண்டிருப்பது தெரியாது. உடல் வீட்டில் இருக்கிறது. ஆள் ஒரு நாள் பயணத்துக்கு அப்பால் இருக்கிறான். சேசுபாலன் பிரிந்திருந்தது தம் பரம பிதாவின் அலுவலுக்காக. நம் பிள்ளைகள் பிரிந்திருப்பது எதற்காக?

செல்போனே பசாசின் கருவி என்று நான் சொல்ல வரவில்லை. குவைத்திலும் துபாயிலும் உழைக்கும் தகப்பனுடைய முகத்தைப் பிள்ளை பார்ப்பது அதில்தான். கடலுக்குப் போகிறவர்களுக்குப் புயல் செய்தி வருவது அதில்தான். பரீட்சை முடிவு வருவதும் அதில்தான். சினிமா தலையெடுத்த காலத்திலேயே, 1936-ம் வருஷம், 11-ம் பத்திநாதர் பாப்பானவர் அதன் நன்மையையும் தீமையையும் நிறுத்துப் பார்த்து உலக மேற்றிராணிமார்களுக்கு நிருபம் எழுதினார். 1957-ல் 12-ம் பத்திநாதர் சினிமா, ரேடியோ, டெலிவிஷன் மூன்றையும் பற்றி எழுதியபோது, இந்த அற்புதமான கருவிகள் மனிதருடைய புத்தியிலும் உழைப்பிலும் பிறந்தவையாயினும் சர்வேசுரனுடைய கொடைகளே என்று கூறினார். கொடை என்றால் அதை உபயோகிக்க ஓர் அளவு வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழு என்று படித்தோம். அவற்றில் போசனப்பிரியத்துக்கு எதிரான புண்ணியம் எது? மட்டசனம். மட்டாய் அசனம் பண்ணுவது, அதாவது அளவோடு உண்பது. வாய்க்கு மட்டசனம் வேண்டுமென்று நமக்குத் தெரியும். தபசுகாலத்தில் ஒருசந்தி இருக்கிறோம். வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்குகிறோம். கண்ணுக்கு மட்டசனம் வேண்டாமா? கண்ணுக்கு ஒருசந்தி கிடையாதா?

வயிற்றைக் காட்டிலும் கண்ணுக்குத்தான் அது அதிகம் வேண்டும். இலையில் சோறு தீர்ந்தால் கை நின்றுவிடும். வயிறு நிறைந்தால் அதுவே போதும் என்று சொல்லும். பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சினிமாவுக்குக் கூட ‘சுபம்’ என்று ஒன்று உண்டு. விளக்கைப் போட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். செல்போனுக்குச் சுபம் இல்லை. விரலால் தள்ளத் தள்ள ஒன்றன்பின் ஒன்றாய் வந்துகொண்டே இருக்கும்.

இது தற்செயலாய் அமைந்ததல்ல. முன்பெல்லாம் ஒரு பக்கம் முடிந்தால், அடுத்த பக்கத்துக்குப் போக ஓர் இடத்தைத் தொட வேண்டியிருந்தது. போதும் என்று எழுந்துவிட அது ஒரு வாய்ப்பு. 2006-ல் ஆசா ராஸ்கின் என்ற அமெரிக்க வல்லுநர் அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டு, முடிவில்லாமல் ஓடும் முறையை வகுத்தார். அதன் விளைவைக் கண்டு பிற்காலத்தில் அவரே பகிரங்கமாய் வருந்திப் பேசினார். பேஸ்புக் நிறுவனத்தின் முதல் தலைவராயிருந்த ஷான் பார்க்கர் என்பவர் 2017-ல் இன்னும் வெளிப்படையாய்ச் சொன்னார். மனிதருடைய நேரத்தையும் கவனத்தையும் கூடுமானமட்டும் எப்படி எடுத்துக்கொள்வது என்பதே தாங்கள் அதைக் கட்டும்போது எண்ணிய எண்ணம் என்றும், மனித மனத்திலுள்ள ஒரு பலவீனத்தைப் பயன்படுத்தினோம் என்றும் அவர் ஒப்புக்கொண்டார். உலைப்பானையின் அடியை வேண்டுமென்றே எடுத்துவிட்டு, நிரம்பும் வரை ஊற்று என்று ஒரு பிள்ளையிடம் கொடுத்தால், அது எப்போது நிரம்பும்?

ஆனபடியால், தாய் தகப்பன்மாரே, உங்கள் பிள்ளையைச் சோம்பேறி, உதவாக்கரை என்று திட்டுமுன் இதை யோசியுங்கள். அவனுக்கு வயது பதினான்கு. எதிரே நிற்பதோ பல்லாயிரம் கற்றறிந்தவர்களின் மூளையும் கோடிக்கணக்கான பணமும். இந்தப் போரில் அவனைத் தனியே விட்டுவிட்டு, தோற்றான் என்று அடிப்பது நியாயமா?

போனை அவன் கையில் கொடுத்தது யார்? 2020-ம் வருஷம் மார்ச் மாதத்தில் கொரோனாக் கொள்ளைநோயால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, இனிப் பாடம் போனில்தான் என்றார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற தாயும், சித்தாள் வேலைக்குப் போகிற தாயும் காதில் கிடந்த கம்மலை அடகு வைத்துப் போன் வாங்கிக் கொடுத்தார்கள். பிள்ளை படித்து முன்னுக்கு வரவேண்டுமென்ற ஆசை தவிர அவர்களுக்கு வேறென்ன? பள்ளிக்கூடம் திறந்தது. சில வீடுகளில் கம்மலும் மீண்டது. ஆனால் போன் பிள்ளையின் கையைவிட்டு இறங்கவில்லை. பாடத்துக்காக வந்தது, பாடத்தையே தின்னத் தொடங்கிற்று.

வாலிபரே, பிள்ளைகளே, இனி உங்களோடு பேசுகிறேன். கோபத்தோடல்ல, கணக்கோடு பேசுகிறேன். ஒரு நாளைக்கு 4 மணி நேரம் போன் பார்க்கிறாய் என்று வைத்துக்கொள். அவ்வளவு இல்லை என்பாய். போனிலேயே கணக்கு இருக்கிறது, எடுத்துப் பார். 4 மணி என்றால் வருஷத்துக்கு 1,460 மணி. உன் 13 வயது முதல் 18 வயது வரை, 5 வருஷத்துக்கு 7,300 மணி. அதை 24 ஆல் வகுத்தால் 304 நாள். இரவும் பகலும் ஒரு நிமிஷமும் தூங்காமல், உண்ணாமல், பத்து மாதம்! உன் தாய் உன்னைச் சுமந்த அதே பத்து மாதம். அவள் சுமந்ததன் பலனாக ஒரு மனிதன் பிறந்தான். நீ சுமந்த பத்து மாதத்தில் என்ன பிறந்தது என்று உன் மனச்சாட்சியைக் கேட்டுப் பார்.

நேரம் மட்டும் போகவில்லை. 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டுமென்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். நடுநிசி வரை போர்வைக்குள் வெளிச்சம் எரிந்தால், காலையில் பூசைக்கு எழுவதெப்படி, கணக்குப் பாடம் ஏறுவதெப்படி? சமூக ஊடகங்களில் நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் செலவிடும் இளவயதினருக்கு, மனச்சோர்வு, மனக்கலக்கம் ஆகியவற்றின் குறிகள் காணும் ஆபத்து இரட்டிப்பாகிறது என்று 2023-ல் அமெரிக்க சர்க்காரின் தலைமை வைத்திய அதிகாரி எச்சரிக்கை விடுத்தார். ஆஸ்திரேலியா தேசத்தில், 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இத்தகைய ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கலாகாது என்ற சட்டம் 2024-ல் நிறைவேறி, 2025 டிசம்பர் 10-ந் தேதி அமலுக்கு வந்தது. வேதத்தைப் பற்றி ஒன்றும் பேசாத சர்க்கார்களே பிள்ளைகளுக்காக அஞ்சும்போது, ஆத்துமத்தைப் பற்றியும் கவலைப்படவேண்டிய நாம் சும்மா இருக்கலாமா?

ஆத்துமத்துக்கு வரும் கேட்டையும் சொல்லத்தான் வேண்டும். மகளே, உன் படத்தைப் போடுகிறாய். எத்தனை பேர் விரும்பினார்கள் என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்கிறாய். உன் சிநேகிதிக்கு இருநூறு, உனக்கு முப்பது என்றால் அன்றைக்கெல்லாம் சோறு இறங்குவதில்லை. இதற்குப் பெயர் என்ன? அதிகம் வந்தால் அகங்காரம். குறைவாய் வந்தால் காய்மகாரம். சர்வேசுரன் தம்முடைய சாயலாகப் படைத்து, தம் திருக்குமாரனின் இரத்தத்தால் மீட்ட உன்னை, முகமறியாதவர்கள் பெருவிரலால் எடைபோட விடுகிறாயே! உன் விலை அவர்களுக்குத் தெரியுமா?

இன்னொன்று உண்டு, அதைச் சொல்ல நாக்கு கூசுகிறது, ஆயினும் சொல்லாமல் விடுவது பாவம். சிநேகிதனைப் போல் பேசிப் பழகி, பிள்ளைகளிடம் தகாத படங்களைக் கேட்டு வாங்கி, பிறகு அதைக் காட்டியே பயமுறுத்துகிற துஷ்டர்கள் இருக்கிறார்கள். விளையாட்டு என்று தொடங்கித் தகப்பனுடைய பணத்தை இழந்துவிட்டு, வீட்டுக்குள் நுழைய அஞ்சி நிற்கிற பையன்களும் இருக்கிறார்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார், இனி நான் இருந்து என்ன பயன் என்று தனிமையில் எண்ணுகிற பிள்ளை இந்தக் கோவிலிலேயே எங்காவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

மகனே, மகளே, நீயாக இருந்தால் கேள். எவ்வளவு பெரிய தப்பாக இருந்தாலும் உன் உயிர் அதைவிடப் பெரிது. இன்றைக்கே தாயிடம் சொல். தாயிடம் முடியாவிட்டால் அத்தையிடமோ, ஆசிரியரிடமோ, கன்னியர்மடத்துச் சிஸ்டரிடமோ சொல். என்னிடம் வா, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டது எந்நாளும் வெளியே போகாது. 1098 என்ற எண்ணில் பிள்ளைகளுக்கென்றே உதவி கிடைக்கும். மனம் தாங்காத வேளையில் இரவானாலும் பகலானாலும் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். பயமுறுத்துகிறவன்மேல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

பெற்றோரே, அப்படி ஒரு பிள்ளை உங்களிடம் வந்து வாய் திறந்தால், கையை ஓங்காதீர்கள். தேவமாதாவும் சூசையப்பரும் மூன்றாம் நாள் சேசுபாலனைக் கண்டபோது என்ன செய்தார்கள்? அடித்தார்களா? எல்லோர் முன்பாகவும் ஏசினார்களா? நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று மாதா கேட்டார்கள். நாங்கள் துயரத்தோடு தேடினோம் என்று சொன்னார்கள். ஒரு கேள்வி, அதோடு தங்கள் மனதின் வேதனை, இவ்வளவுதான். பிள்ளை எழுந்து அவர்களோடு நசரேத்துக்கு வந்து, அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார். தேடி வந்த பெற்றோருக்குப் பிள்ளை கீழ்ப்படிகிறது என்பதைக் கவனியுங்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே சத்தம் போடுகிறவர்களுக்கு அல்ல.

நாம் தேடுகிறோமா? தகப்பன் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து அரசியல் பேச்சுக் கேட்கிறார். தாய் ஜெபமாலையின் ஒரு பத்து மணி முடிவதற்குள் வாட்ஸப் சத்தத்துக்கு இரண்டு முறை திரும்புகிறாள். பிள்ளையைப் பார்த்து, “எந்நேரமும் போனா?” என்று இருவரும் கேட்கிறார்கள். பிள்ளை வாய் திறந்து பதில் சொல்லாது. ஆனால் மனதுக்குள் ஒரு பதில் இருக்கும். அது நமக்கும் தெரியும்.

வாலிபருக்கு ஒரு நல்மாதிரியைக் காட்டி முடிக்கிறேன். 1991-ம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி லண்டனில் பிறந்து, இத்தாலியில் மிலான் நகரில் வளர்ந்த கார்லோ அக்குதிஸ் என்ற பையனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவன் காட்டுக்குள் தபசிருந்தவன் அல்ல, கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன். விளையாட்டுப் பெட்டியும் வைத்திருந்தான். ஆனால் அந்த விளையாட்டுக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தானே அளவு வைத்துக்கொண்டதாக அவனை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். தினந்தோறும் பூசை கண்டான். தெருவில் கிடந்த ஏழைகளைத் தேடிப் போனான். தன் கம்ப்யூட்டர் அறிவைக் கொண்டு, உலகெங்கும் திவ்விய நற்கருணையில் நடந்த புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்தான். 2006 அக்டோபர் 12-ந் தேதி, இரத்தப் புற்றுநோயால் பதினைந்தாம் வயதில் மரித்தான். 2025 செப்டம்பர் 7-ந் தேதி 14-ம் சிங்கராயர் பாப்பானவர் அவனை அர்ச்சியசிஷ்டவனாகப் பிரசித்தம் பண்ணினார்.

“சுவாமி, கார்லோ காலத்தில் இன்றைக்குள்ள போன் இல்லையே!” என்று யாராவது கேட்பீர்கள். சரியான கேள்விதான். தொட்டுத் தள்ளும் போன்களுக்கு வழிகாட்டிய ஐபோன் வந்தது 2007-ல். கார்லோ அதற்கு முந்திய வருஷமே மோட்சம் சேர்ந்துவிட்டான். உங்கள் சோதனை அவனுடைய சோதனையைவிடக் கடினமானது என்று ஒப்புக்கொள்கிறேன். அதனாலேதான் நீங்கள் தனியே போராட வேண்டாமென்கிறேன். அளவு வைக்க வேண்டியது பிள்ளை மட்டுமல்ல, வீடு முழுவதும்.

ஆகையால் இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் நான்கு பிரதிக்கினை செய்துகொள்ளுங்கள்.

முதலாவது, வீட்டிலுள்ள சுரூபத்தின் கீழே ஒரு கூடை வையுங்கள். இரவு ஜெபமாலைக்கும் சாப்பாட்டுக்கும் எல்லாப் போன்களும் அதில் கிடக்கட்டும். முதலில் வைக்க வேண்டியது தகப்பனுடைய போன், கடைசியில்தான் பிள்ளையினுடையது.

இரண்டாவது, படுக்கும் இடத்துக்குப் போன் போகவேண்டாம். சார்ஜ் போடும் இடம் கூடத்தில் இருக்கட்டும். காலையில் எழுப்பப் பழைய அலாரம் கடிகாரம் போதும்.

மூன்றாவது, வெள்ளிக்கிழமை சாயந்தரம் கண்ணுக்கு ஒருசந்தி. ரீல்ஸ் இல்லை, விளையாட்டு இல்லை. அந்த நேரத்தில் தகப்பன் மகனோடு கால் மணி நேரமாவது உட்காரட்டும். புத்தி சொல்ல வேண்டாம்; அவனைப் பேசவிட்டுக் கேட்டால் போதும். முதல் வாரம் ஒன்றும் பேசமாட்டான். விட்டுவிடாதீர்கள். சூசையப்பருக்கே மூன்று நாள் ஆயிற்று.

நான்காவது, வாலிபரே, உங்கள் கை வேகத்தைப் பிறருக்குப் பிரயோசனமாக்குங்கள். முதியோர் பென்ஷனுக்கு மனுப் போடத் தெரியாமல், கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் கால்கடுக்க நிற்கும் பாட்டிமார் நம் பங்கில் இருக்கிறார்கள். ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர்களுக்கு அதைச் செய்து கொடுங்கள். கோவில் திண்ணையில் அவர்கள் காத்திருப்பார்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் உபதேசியாரைப் பாருங்கள்.

ஒரே வாரத்தில் எல்லாம் மாறிவிடாது. பிள்ளை முகம் சுளிக்கும்; நமக்கே கை அரிக்கும். ஒருசந்தி முதல் நாள் எல்லோருக்கும் பசிக்கத்தானே செய்கிறது! ஆனால் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், யாரும் கேளாமலே பிள்ளை வாயைத் திறந்து பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லும். அன்றைக்கு உங்கள் மகனைத் தேவாலயத்தில் கண்டெடுத்தீர்கள் என்று அறிந்துகொள்ளுங்கள்.

சேசுபாலனை இழந்து துயரத்தோடு தேடின தேவமாதாவே, கண்ணெதிரே இருந்தும் தூரமாய்ப் போன எங்கள் பிள்ளைகளைத் தேடும் பொறுமையை எங்களுக்குப் பெற்றுத் தாரும். நசரேத் வீட்டின் தலைவரான அர்ச். சூசையப்பரே, எங்கள் வீடுகளில் பேச்சையும் ஜெபத்தையும் சிரிப்பையும் காத்தருளும். அர்ச். கார்லோவே, எங்கள் வாலிபருக்காக வேண்டிக்கொள்ளும்.

ஆமென்.